நள்ளிரவு தாண்டிய அழைப்பும் வராத தூக்கமும்

கேள்வி: எனக்கு வயது 23. முதுகலைப் படிப்புக்காக வெளிநாடு வந்து நான்கு மாதம் ஆகிறது. இரவு 3 மணிக்கு முன்னால் தூக்கம் வருவதில்லை. எழும்போது பத்தரை ஆகிவிடுகிறது. காலை வகுப்புகளில் பாதியைத் தவறவிட்டேன். நாள் முழுக்க அசதி. பெரும்பாலும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன்; 6 கிலோ குறைந்துவிட்டது. ஒரு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். வகுப்பில் பேச எழுந்தாலே நெஞ்சு படபடக்கிறது. இப்போது குளிர்காலம், மாலை 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. எங்கள் ஊர் நேரம் இங்கிருப்பதைவிட 5 மணி நேரம் முந்தியது. அம்மா எழுந்ததும் பேசுவதற்காக இரவு 1 மணிவரை விழித்திருப்பேன். அவரிடம் எதையும் சொல்லவில்லை. அறைத்தோழர் மெலடோனின் மாத்திரை தருகிறேன் என்கிறார். போடலாமா? எனக்கு என்ன நோய், டாக்டர்?

பதில்: தம்பி, நீங்கள் சொல்லியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. வேர் தூக்கத்தில் இருக்கிறது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

விமானப் பயணத்தால் குழம்பிய தூக்கம் இன்னும் சரியாகவில்லை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் உடம்பு இன்னும் ஊர் நேரத்தில் இருந்தால் மாலை 6 மணிக்கே கண் சொக்கி, நள்ளிரவு 1 மணிக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும். நடப்பது நேர் எதிர். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற அளவில் உடம்பு பழகிக்கொள்ளும். உங்களுக்கு அது முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். அதற்குப் பிறகு தூக்கத்தை ஒவ்வொரு இரவும் நீங்களே பின்னுக்குத் தள்ளி வருகிறீர்கள்.

மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில் இருக்கும் சிறு நரம்புக்கூட்டம்தான் உடம்பின் கடிகாரம். பெரும்பாலானவர்களுக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அப்படியே விட்டால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படும். அதை இழுத்துப் பிடிப்பது காலை வெளிச்சம். நீங்கள் பத்தரைக்கு எழுந்து, 4 மணிக்கு இருட்டும் ஊரில் பகலைப் பெரும்பாலும் அறைக்குள் கழிக்கிறீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அறை விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கடிகாரத்துக்குத் தெரியும். இன்னொரு பக்கம், இரவு 1 மணிக்கு முகத்துக்கு நேராகப் பிடித்த திரையும், அம்மா குரல் கேட்டதும் வரும் உற்சாகமும் தூக்கத்தை இன்னும் தள்ளிவிடுகின்றன.

அம்மாவுடன் பேசுவதைக் குறைக்கச் சொல்லமாட்டேன். குறைத்தால்தான் அந்த ஊரில் ஒட்டுவீர்கள் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். உங்களுக்குப் பகல் 2 மணி என்றால் அவருக்கு இரவு 7 மணி. மதிய இடைவேளையில் வெளியே நடந்துகொண்டே பேசுங்கள். இரவு 9 மணிக்குப் பிறகு கைபேசி மேசையில் இருக்கட்டும், படுக்கைக்கு வரவேண்டாம்.

எழும் நேரத்தை ஒரே நாளில் ஏழரைக்குக் கொண்டுவர முயலாதீர்கள். இரண்டு நாளைக்கு அரை மணி நேரம் என்று முன்னால் நகர்த்துங்கள். இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளியே நடக்க வேண்டும், குளிரானாலும். வார இறுதியிலும் அதே நேரம்தான். மிஞ்சினால் ஒரு மணி நேரம் சலுகை. பகலில் தாங்கவே முடியவில்லை என்றால் 3 மணிக்கு முன்னால் 20 நிமிடம் கண்ணயரலாம். படுத்து ரொம்ப நேரம் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். படுக்கையிலேயே படிப்பதும் சாப்பிடுவதும் வேண்டாம். ஒற்றை அறையில் அது சிரமம்தான், ஆனாலும் ஒரு நாற்காலியாவது அதற்கென்று இருக்கட்டும்.

மெலடோனின் இப்போது வேண்டாம். அது அடித்துப் போடும் தூக்க மாத்திரை இல்லை. கடிகாரத்தை நகர்த்தும் ஹார்மோன். அதனால் அளவைவிட எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதே முக்கியம். தவறான நேரத்தில் போட்டால் தூக்கத்தை எதிர்ப்பக்கம் தள்ளவும் கூடும். சில நாடுகளில் கடையில் கிடைக்கும், சில நாடுகளில் மருந்துச் சீட்டு வேண்டும். தேவை என்று அங்குள்ள மருத்துவர் சொன்னால், எத்தனை மணிக்கு என்று கேட்டுப் போடுங்கள். வேறு எந்தத் தூக்க மாத்திரையையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முடி கொட்டுவதற்குத் தண்ணீரைக் குறை சொல்லாதவர்கள் வெளிநாட்டில் படிப்பவர்களில் குறைவு. உங்கள் விஷயத்தில் காரணம் வேறு என்றே நினைக்கிறேன். திடீரென்று எடை குறைந்தாலோ, பெரிய மன அழுத்தம் வந்தாலோ, நிறைய முடிகள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். போய்ச் சேர்ந்து நான்கு மாதம், உதிர ஆரம்பித்து ஒரு மாதம் என்பது இதனோடு பொருந்துகிறது. வேரோடு போவதில்லை, திரும்ப வளரும். ஆனால் அதற்கு மூன்று வேளை சாப்பாடு வேண்டும், போதிய புரதத்தோடு. சமைக்க நேரமில்லை என்றால் வாரத்தில் ஒரு நாள் மொத்தமாகச் சமைத்து, வேளைக்கு ஒன்றாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படபடப்புக்கு இரண்டு கேள்விகள். பகல் தூக்கத்தை விரட்ட எத்தனை காபி, எத்தனை எனர்ஜி டிரிங்க் குடிக்கிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த நிலையில் இருக்கும் பலரும் குடிக்கிறார்கள். குடித்த காஃபீனில் பாதி, சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மதியத்துக்குப் பிறகு நிறுத்துங்கள். அடுத்தது: பேச எழும்போது மட்டும் வருகிறதா, சும்மா இருக்கும்போதும் வருகிறதா? பேசும்போது மட்டும் என்றால் அது பயம். பழக்கமில்லாத உச்சரிப்பை நாள் முழுக்கக் கூர்ந்து கேட்டு, அடுத்த வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டே இருப்பது மூளைக்குக் கடும் உழைப்பு. சாயங்காலம் வரும் அசதியில் அதற்கும் பங்குண்டு. முதலில் ஒரு சின்னக் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள். நாலைந்து வாரத்தில் பயம் குறைவதைப் பார்ப்பீர்கள். சும்மா இருக்கும்போதும் படபடத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்படியும் ஒரு மருத்துவரை நீங்கள் பார்த்தாக வேண்டும். 6 கிலோ குறைந்ததை நான் கடிதத்தில் தீர்த்துவிட முடியாது. பல்கலைக்கழகத்தில் மாணவர் நல மையம் இருந்தால் இந்த வாரமே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்; காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். அவ்வளவு வடக்கே குளிர்கால வெயிலில் தோல் அதைத் தயாரிக்க முடியாது. கருமையான தோலுக்கு மற்ற காலங்களிலும் கூடுதல் வெயில் தேவைப்படும்.

மனசைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் நான் கேட்கிறேன். முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல், பெரும்பாலான நாட்கள் சோர்ந்தே இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? அப்படியென்றால் அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். இருண்ட மாதங்களில் மட்டும் வரும் மனச்சோர்வும் உண்டு. அதற்குக் காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காருவது போன்ற சிகிச்சைகள் இருக்கின்றன. உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அந்த நாட்டு அவசர எண்ணை அழையுங்கள், அறைத்தோழரை எழுப்புங்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. அழைக்கும் நேரத்தை ஏன் மாற்றுகிறீர்கள் என்பதை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்: "ராத்திரி தூக்கம் கெடுதும்மா, இனிமேல் மத்தியானம் பேசறேன்." வீட்டில் யாருக்காவது தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை உண்டா என்று அப்படியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.