யாருக்கு லாபம்?

கேள்வி: ரிட்டயர் ஆன பிறகு, பழைய ரோமில் நடக்கும் துப்பறியும் கதைகளாகவே படித்துத் தள்ளுவதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். கோர்ட்டில் பார்த்த கொலை கேஸ் போதாதா? அதிலும் ரோம் எதற்கு?
– ஒரு வாசகி, தேனி

பதில்: பார்த்துப் பார்த்து அலுத்ததால்தான் அம்மா. செஷன்ஸ் கோர்ட்டில் 31 வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். எங்கள் மேஜைக்கு வரும்போது கொலை, கேஸ் கட்டாக வரும். முதல் தகவல் அறிக்கை, மகஜர், பிரேதப் பரிசோதனைச் சான்று, கறை காய்ந்த வேட்டியில் சா.பொ.3 (சான்றுப் பொருள் 3) என்று ஒரு சீட்டு. தேடுகிற வேலையை வேறு யாரோ முடித்திருப்பார்கள். நான் வரிசை எண் போடுவேன்.

ரோமில் அந்தக் கட்டைக் கட்டுவதற்கே ஆள் கிடையாது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் வாழ்ந்த நகரம். கி.பி. 6-இல் பேரரசர் அகஸ்டஸ் ஒரு இரவுக்காவல் படையை ஏற்படுத்தினார். மொத்தம் 7 பிரிவு, பிரிவுக்கு 2 வட்டாரம். அவர்களுக்கு முதல் வேலை தீ அணைப்பது. வழியில் திருடன் அகப்பட்டால் பிடிப்பார்கள். கொலையை விசாரிக்க இன்ஸ்பெக்டர் இல்லை, குற்றம் சாட்ட அரசு வக்கீலும் இல்லை. உங்கள் அண்ணனை ஒருவன் கொன்றுவிட்டால், சாட்சி தேடி, ஆதாரம் சேர்த்து, நீங்களேதான் வழக்குப் போடவேண்டும். அப்படிப்பட்ட ஊரில், கூலி வாங்கிக்கொண்டு தேடிக் கொடுக்க ஒருத்தன் இருந்தான் என்று எழுதினால் நம்பத்தானே தோன்றும்?

எனக்குப் பிடித்தவன் ஆங்கில நாவலாசிரியை லிண்ட்சே டேவிஸ் படைத்த துப்பறிவாளன் ஃபால்கோ. அவன் வரும் முதல் நாவல் 1989-இல் வெளிவந்தது. கதை நடப்பது கி.பி. 70, பேரரசர் வெஸ்பாசியன் ஆட்சியில். அவென்டைன் குன்றில் ஒரு அடுக்குமாடி வீட்டின் உச்சியில், வாடகை பாக்கியோடு குடியிருக்கிறான். ரோமில் காசுள்ளவர்கள் கீழ்த்தளத்தில் இருப்பார்கள், இல்லாதவர்கள் மேலே போய்க்கொண்டே இருப்பார்கள். லிஃப்ட் ஏது? தண்ணீரைக் கீழிருந்து சுமக்கவேண்டும். தீப்பிடித்தால் கடைசியாக இறங்குகிறவனும் உச்சி மாடிக்காரன்தான். நாங்கள் இருப்பதும் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அவன் படியேறும்போதெல்லாம் எனக்கு முழங்கால் வலிக்கும்.

அவன் வீட்டுக்குக் கீழே ஒரு சலவைக்கடை. அந்தக் காலத்து ரோமில் துணி வெளுக்க மனிதச் சிறுநீரைப் பயன்படுத்தினார்கள், அது விலைக்குப் போன சரக்கு. வெஸ்பாசியன் அதற்கும் வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, அந்த வரியில் வந்த காசை அவர் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம். ரோமானிய வரலாற்றாசிரியர் சுடோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். பளிங்குத் தூணும் தேரோட்டமும் பார்க்க இந்தக் கதைகளுக்குள் போனால் ஏமாந்துபோவீர்கள். நான் போவது அந்தச் சலவைக்கடைக்கு.

கேள்வி: கைரேகை, டி.என்.ஏ., செல்போன் டவர் எதுவும் இல்லாமல் குற்றவாளியை எப்படித்தான் பிடிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: நடந்துதான் தம்பி. நடந்து, பேச்சுக் கொடுத்து, ஒயின் வாங்கிக் கொடுத்து, நடுவில் நாலு உதையும் வாங்கி. அப்புறம் கையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: யாருக்கு லாபம்? காசியஸ் என்ற நீதிபதி வழக்குகளில் ஓயாமல் கேட்ட கேள்வி இது என்று ரோமின் புகழ்பெற்ற வக்கீல் சிசெரோ சொல்கிறார்.

சொன்ன இடம் முக்கியம். கி.மு. 80-இல், 26 வயதில், சிசெரோ நடத்திய கொலை வழக்கு. ரோசியஸ் என்ற நிலச்சுவான்தாரை ஒரு ராத்திரி விருந்து முடிந்து திரும்பும் வழியில் வெட்டிவிட்டார்கள். கொன்றவன் என்று நிறுத்தப்பட்டது மகன். தீர்ப்பு பாதகமானால் தோல் சாக்கில் போட்டுத் தைத்து ஆற்றில் வீசிவிடுவார்கள். சிசெரோ சொத்துக் கணக்கை எடுத்தார். 13 பண்ணை, மதிப்பு 60 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). செத்தவர் பெயரை அரசின் எதிரிகள் பட்டியலில் நுழைத்து, சொத்தைப் பறிமுதல் செய்து, வெறும் 2,000-க்கு ஏலம் எடுத்திருந்தார் ஒருவர். யார்? சர்வாதிகாரி சுல்லாவிடம் முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்று, அவருக்கு வலதுகையாக ஆகிவிட்ட கிரிசோகோனஸ். சுல்லா உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெயரைக் கோர்ட்டில் உரக்கச் சொன்னார் அந்த இளம் வக்கீல். மகன் விடுதலையானான்.

60 லட்சத்துக்கு 2,000! ஏல வழக்குக் கட்டுகளை நானும் தூக்கியிருக்கிறேன். இவ்வளவு தைரியமான கணக்கைப் பார்த்ததில்லை. இந்த வழக்கை வைத்துத்தான் ஸ்டீவன் சேலர் 1991-இல் 'ரோமன் பிளட்' நாவலை எழுதினார். சிசெரோவுக்காகத் தெருத்தெருவாக அலைகிறவன் அதில் கோர்டியானஸ். ஆரம்பிப்பதானால் அதில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: அப்போது பிரேதப் பரிசோதனை உண்டா?
– செவிலியர், திண்டுக்கல்

பதில்: முறையாகக் கிடையாது. ஆனால் சீசரின் உடலை அன்டிஸ்டியஸ் என்ற மருத்துவர் பார்த்தார். 23 குத்துகளில், மார்பில் விழுந்த இரண்டாவது குத்து மட்டுமே உயிரைப் பறித்தது என்றார். மற்றவர்களுக்கு என்ன பிரிவு போடுவது என்று எங்கள் கோர்ட்டில் ஒரு வாரம் வாதம் நடந்திருக்கும்.

கேள்வி: அடிமைகளை வதைத்த ஊரின் கதையைப் பொழுதுபோக்காகப் படிக்க எப்படி மனசு வருகிறது?
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: கோபம் நியாயம்தான். கி.பி. 61-இல் பெடானியஸ் என்ற நகர அதிகாரியை அவருடைய அடிமை ஒருவன் கொன்றான். அந்த வீட்டில் இருந்த அடிமைகள் 400 பேர். பழைய வழக்கப்படி அத்தனை பேருக்கும் மரண தண்டனை. பெண்கள், பிள்ளைகள் எல்லோருக்கும்தான். ஊர் ஜனம் திரண்டு எதிர்த்தது. நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான்.

அடிமையின் சாட்சியம் கோர்ட்டில் ஏறவேண்டுமானால் அதை வதைத்துத்தான் வாங்கவேண்டும் என்பது அவர்கள் விதி. போலீஸிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது என்கிற, பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவோடு குப்பை கொட்டியவன் நான். அந்த விதியைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. கொலையைக் கண்ணால் பார்த்த அடிமை கதையில் வாயே திறக்கமாட்டான். திறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் கூண்டில் ஒரு டீக்கடைப் பையன் தரையையே பார்த்துக்கொண்டு "நான் எதையும் பார்க்கலைங்க" என்றான். பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டோம். இந்தக் கதைகளில் நல்லவை அந்த வாய் ஏன் திறக்கவில்லை என்று காட்டுகின்றன. கதாநாயகனுக்கு மட்டும் நம் காலத்து இளகிய மனசை வைத்து, கடைசி அத்தியாயத்தில் அடிமைக்கு விடுதலை கொடுத்துக் கைதட்டு வாங்குகிறவற்றை நானும் மூடிவைத்துவிடுகிறேன்.

கேள்வி: நீங்களே ஒன்று எழுதுங்களேன்!
– ஒரு வாசகர், கோவை

பதில்: இடம் பிடித்துவிட்டேன். பேரரசர் டொமிஷியன் காலத்தில் ரோமில் மிளகுக்கென்றே ஒரு கிடங்கு கட்டினார்கள். நம் சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மிளகெல்லாம் போய்ச் சேர்ந்த ஊர் அது. கொலைகாரன் அங்கே மூட்டைகளுக்குப் பின்னால் ராத்திரி முழுக்க ஒளிந்திருக்கிறான். தும்மாமல் எப்படி இருந்தான் என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். நாலு மாதமாகக் கதை அங்கேயே நிற்கிறது.