ஐந்து துறைமுகம், ஐந்து சுற்றுலா: எதற்குப் பணம் கொடுப்பது, எதற்கு நடையே போதும்?

கேள்வி: நானும் கணவரும் 71 வயதான என் அம்மாவும் மத்தியதரைக்கடலில் பத்து இரவு கப்பல் பயணம் போகிறோம். ரோமுக்கான துறைமுகமான சிவிட்டவேக்கியா, நேப்பிள்ஸ், சாந்தோரினி, கோட்டோர், டுப்ரோவ்னிக் ஆகிய ஐந்து இடங்களில் கப்பல் நிற்கும். ஓரிடத்தில் எட்டு மணி நேரம், அதிகம் போனால் பன்னிரண்டு. கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாக்களை எல்லா ஊரிலும் மூன்று பேருக்கும் எடுத்தால், டிக்கெட்டுக்குக் கொடுத்ததில் 60 சதவீதம் மேற்கொண்டு ஆகிறது. வெளியாரிடம் பதிவு செய்தால் பாதி விலைதான். ஆனால் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: ஐந்தையும் எடுக்காதீர்கள். இரண்டு போதும். எந்த இரண்டு என்பதற்கு முன்னால், அந்த இரட்டிப்பு விலையில் என்ன அடங்கியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறை இது. வெளியார் பேருந்து சிக்கினால் கப்பல் கிளம்பிவிடும், மீதிச் செலவு உங்களுடையது. பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் பயம் இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத் தீவு நாடான சாவோ டோமேயில், வெளியார் சுற்றுலாவுக்குப் போன எட்டுப் பயணிகள் நேரம் தவறித் திரும்பினார்கள். கடலோரக் காவல்படை படகில் ஏற்றிக் கப்பலருகே கொண்டுபோயும் உள்ளே எடுத்துக்கொள்ளவில்லை. நாடு நாடாக மாறி மாறிப் பயணம் செய்து, நாட்கள் கழித்து செனகலில்தான் அவர்களால் கப்பலைப் பிடிக்க முடிந்தது.

ஆக, விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி காப்பீட்டு பிரீமியம். பிரீமியம் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேருக்கும் கப்பல் சுற்றுலா 240, வெளியார் சுற்றுலா 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாணயமானாலும் சரி. வித்தியாசம் 120. கப்பலைத் தவறவிட்டால் மூன்று விமான டிக்கெட், ஓரிரவு அறை, டாக்சி எல்லாம் சேர்த்து 3,000 ஆகிறது என்று கொள்வோம். 120-ஐ 3,000-ஆல் வகுத்தால் 4 சதவீதம். அதாவது, இருபத்தைந்து முறை போனால் ஒரு முறையாவது தவறிவிடும் என்று தோன்றுகிற ஊரில் அந்தக் கூடுதல் பணம் நியாயம். கப்பலிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஊரில் அப்படி யாருக்காவது தோன்றுமா? அங்கே நீங்கள் கட்டும் பிரீமியம் நிறுவனத்துக்கு லாபம், அவ்வளவுதான்.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருந்தால் கணக்கு மாறும். இத்தாலி, கிரீஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா போதும் என்ற ஏற்பாடுதான் ஷெங்கன் பகுதி. டுப்ரோவ்னிக் இருக்கும் குரோஷியா 2023 ஜனவரி முதல் அதற்குள் இருக்கிறது. கோட்டோர் இருக்கும் மாண்டினீக்ரோ அதில் இல்லை. இத்தாலியும் கிரீஸும் பார்த்துவிட்டுக் கோட்டோரில் கப்பலைத் தவறவிட்டு, கையில் ஒருமுறை நுழைவு விசா மட்டும் இருந்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் டுப்ரோவ்னிக்கில் நிற்கும் கப்பலுக்கு நீங்கள் தரைவழியாகப் போய்ச் சேர முடியாது. பயணம் அங்கேயே முடிந்தது. விசா எடுக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள்.

அடுத்தது நேரம். இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரோமை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7 முதல் மாலை 7 வரை, பன்னிரண்டு மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். துறைமுக அதிகாரிகள் அனுமதி தந்து இறங்கும் பலகை போடவே 7.30 தாண்டிவிடும். வரிசையில் நின்று இறங்கி, துறைமுக வாசலுக்குப் போய், அங்கிருந்து ரயில் நிலையம் சேர 8.30. ரோம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காத்திருப்பையும் சேர்த்தால் ஊருக்குள் கால் வைக்கும்போது 9.45. மாலையில் கப்பல் ஏழு மணிக்குக் கிளம்புகிறது என்றால் கடைசிப் பயணி ஏற வேண்டிய நேரம் 6.30, சில கப்பல்களில் 6 மணி. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பதுதான் விவேகம். அப்படியானால் 3 மணிக்கு ரோமை விட்டுக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஐந்தேகால் மணி நேரமாகிவிட்டது பாருங்கள்.

சுற்றுலாவில் போனாலும் இதே தேய்மானம் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஒருமுறை ஒன்பது மணி நேரச் சுற்றுலா என்று நம்பி நான் போன பேருந்தில், தேவாலய வாசலில் இருபத்தைந்து நிமிடம் விட்டார்கள். தோல் பொருள் கடையில் ஐம்பது நிமிடம். கடையில் மட்டும் உட்கார நாற்காலி இருந்தது. அன்றிலிருந்து சுற்றுலாவின் விலையை அதன் மொத்த நேரத்தால் நான் வகுப்பதில்லை. இடத்தில் நிற்கும் நேரத்தால் வகுக்கிறேன். 100 கொடுத்து ஒன்பது மணி நேரம் போய், பேருந்து, சாப்பாடு, கடை எல்லாம் கழிந்து மூன்றரை மணி நேரம் மிஞ்சினால், ஒரு மணி நேரத்தின் விலை 11 இல்லை, கிட்டத்தட்ட 29. விவரக் குறிப்பில் 'பேருந்திலிருந்தே காண்பது', 'வெளியிலிருந்து காண்பது' என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்றும் எண்ணுங்கள். கொலோசியத்தை வெளியிலிருந்து காண யாரும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

இனி உங்கள் ஊர்களுக்கு வருகிறேன்.

ரோமுக்குக் கப்பல் நிறுவனத்திடமே வாங்குங்கள், ஆனால் வழிகாட்டியோடு கூடிய முழுச் சுற்றுலா வேண்டாம். பட்டியலின் அடியில் பேருந்துப் பயணம் மட்டும் என்று ஒன்று இருக்கும்: ஊருக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சொன்ன நேரத்தில் திரும்ப அழைத்துவருவார்கள். விலை முழுச் சுற்றுலாவைவிட வெகுவாகக் குறைவு. அது கப்பல் நிறுவனத்தின் பேருந்து என்பதால் தாமதமானால் பொறுப்பும் அவர்களுடையதே. எழுபது கிலோமீட்டருக்கு நீங்கள் வாங்க வேண்டியது இந்தப் பாதுகாப்பைத்தான். ரோமில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கொலோசியமும் வத்திக்கானும் ஒரே நாளில் வேண்டாம், அம்மாவின் முழங்காலோடு வேண்டவே வேண்டாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். உங்கள் கப்பல் எந்தக் கிழமை வருகிறது என்று பாருங்கள்.

நேப்பிள்ஸுக்கு எதுவும் வாங்க வேண்டாம். கப்பல் நகரின் மையத்திலேயே நிற்கிறது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே நுவோவோ கோட்டை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான போம்பேயியைப் பார்க்க ஆசை இருந்தால் உள்ளூர் ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். ஆனால் அங்கே மேடுபள்ளமான கல் பாவிய தெருக்கள், நிழல் குறைவு. கணவரும் நீங்களும் போய்வாருங்கள், அம்மாவை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். போம்பேயியின் சுவரோவியங்களிலும் மொசைக்குகளிலும் மிகச் சிறந்தவை நேப்பிள்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால் மூன்று பேருமே அங்கே போகலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

சாந்தோரினியில் பணத்தைச் செலவழியுங்கள். ஐந்தில் அசலான சிக்கல் இங்கேதான். கப்பல் கரையில் கட்டுவதில்லை. கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களைக் கொண்டுபோகும் சிறு படகில், அதாவது டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும், சுற்றுலா வாங்கியவர்களுக்கே முதல் படகுகள். மற்றவர்களைச் செங்குத்துப் பாறையின் அடியிலுள்ள பழைய துறைமுகத்தில் இறக்குவார்கள். மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார், கழுதை, அல்லது அறுநூறுக்குச் சற்றே குறைவான படிகள். கப்பல் சுற்றுலாப் பயணிகளைப் பெரும்பாலும் வேறு துறைமுகத்தில் இறக்கிப் பேருந்திலேயே மேலே கொண்டுபோகிறார்கள். மூன்று நான்கு கப்பல்கள் ஒன்றாக வரும் நாளில், மாலையில் கீழே இறங்கும் கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். திரும்பும்போது சுற்றுலாக்காரர்களும் அதே வரிசையில் நிற்க வேண்டியிருக்கலாம் என்பதால், இறங்குவது எப்படி என்று வாங்கும் முன் கேட்டு வையுங்கள்.

கோட்டோரில் பழைய நகரத்தின் மதில் கடலோரத்திலேயே இருக்கிறது. மலைக்கோட்டைக்கு ஆயிரத்து முந்நூறுக்கு மேல் படிகள். அதை மறந்துவிடலாம், கீழே தெருக்கள் சமதளம். விடியற்காலையில் எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். இருபக்கமும் மலை நெருங்கிவர, கப்பல் அந்த வளைகுடாவுக்குள் ஊர்ந்து நுழையும் நேரம்தான் அன்றைய நாளின் சிறந்த காட்சி. அதற்கு டிக்கெட் கிடையாது. டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்கும் குரூஷ் துறைமுகத்திலிருந்து பழைய நகரம் மூன்று கிலோமீட்டர், உள்ளூர் பஸ் போகிறது. மதில்மேல் நடப்பது இரண்டு கிலோமீட்டருக்கு அருகில், படிகளோடு. அதை நீங்கள் இருவரும் காலையிலேயே முடித்துவிடுங்கள், வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள்.

வாங்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள். கப்பல் சுற்றுலாவை வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யுங்கள். கப்பலில் ஏறிய பிறகு விலை கூடுவதுண்டு. புறப்படுவதற்கு 24 அல்லது 48 மணி நேரம் முன்பு வரை ரத்துச் செய்ய அனுமதி இருக்கும், கெடு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். வானிலையால் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் கப்பல் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் தானாகத் திரும்பும். வெளியாரிடம் வாங்கினால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் பயணக் காப்பீடு பொதுவாகக் கைகொடுக்காது. நாணயத்தில் தலைவலி இல்லை: மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் யூரோவையே பயன்படுத்துகிறது, ஆக ஐந்து ஊரிலும் யூரோதான். கார்டு இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கடைசியாகக் கடிகாரம். கிரீஸ் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கிறது, மாண்டினீக்ரோ மறுபடி இத்தாலி நேரம். சாந்தோரினியிலிருந்து கோட்டோர் வரும்போது கப்பல் தன் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளாமல் விட்டால், உங்கள் கைபேசி நான்கு மணி காட்டும்போது கப்பலில் ஐந்து. முதல் நாள் இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் கப்பல் நேரம் இருக்கும். அம்மாவிடம் சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் இருந்தால் அதில் அந்த நேரத்தை வைத்து, அவர் கையிலேயே கட்டிவிடுங்கள்.