பழைய நடிகர்கள் கையெழுத்திட்ட புகைப்படங்களைச் சேர்க்க ஆசை. போலியில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ஏமாந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது ஹாலிவுட் நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் படம். கறுப்பு மார்க்கரில் பளபளவென்று பெரிய கையெழுத்து. சட்டம் போட்டு ஒரு வருடம் சுவரில் மாட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் எப்போது இறந்தார்?" என்று மட்டும் கேட்டார். 1957 ஜனவரி. அந்த மாதிரி மெல்லிய முனை மார்க்கர்கள் பரவியதே அறுபதுகளில்தான். ஷார்ப்பி என்ற பிரபல மார்க்கர் கடைக்கு வந்தது 1964-இல். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

அதிலிருந்து கையெழுத்தின் சுழிகளுக்குப் போகும் முன் பேனாவையும் தாளையும் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பால்பாயிண்ட் பேனா அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். 1942-இல் விமான விபத்தில் இறந்த நடிகை கரோல் லோம்பார்டின் படத்தில் பால்பாயிண்ட் கோடு இருந்தால், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. தாளுக்கு ஒரு சின்னப் புற ஊதா டார்ச் போதும். வெண்மை கூட்டும் ரசாயனத்தைப் புகைப்படத் தாளில் சேர்க்க ஆரம்பித்தது 1950-களில். இருட்டில் டார்ச் அடித்ததும் தாள் நீலமாக ஒளிர்ந்தால் அது முப்பதுகளின் பிரதி இல்லை. ஒளிராவிட்டால் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பிற்காலத் தாள்களிலும் சில ஒளிராது.

அப்புறம் படத்தைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பாருங்கள். மை தாளின் மேலே படிந்து தனியாகத் தெரிய வேண்டும். படத்தோடு படமாக உள்ளேயே கிடந்தால் அது அச்சு. ஒரே நடிகரின் இரண்டு கையெழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அப்படியே பொருந்துகிறதா? அது இயந்திரமோ ரப்பர் ஸ்டாம்போ போட்டது. மனிதக் கைக்கு அது வராது.

இத்தனையும் தாண்டி வருவதுதான் பெரிய தலைவலி. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களுக்கு ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வரும். செயலாளர்களும் உறவினர்களும் உட்கார்ந்து நட்சத்திரத்தின் பெயரை எழுதித் தள்ளினார்கள். பேனா அந்தக் காலத்தது, தாளும் அந்தக் காலத்தது, கை மட்டும் வேறு! இதற்கு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஒப்பிட நல்லவை காசோலைகளும் ஒப்பந்தங்களும். ரசிகருக்கு அனுப்பிய படத்தைப் போல அவற்றை யாரோ ஒருவர் கையில் விட்டிருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு "அன்புடன்" என்று எழுதிய படங்களைப் பலர் ஒதுக்குவார்கள், விலையும் குறையும். நான் அவற்றைத்தான் தேடுகிறேன். ஒப்பிட எழுத்துகள் கூடுதலாகக் கிடைக்கின்றனவே.

கூடவே தரும் சான்றிதழ்? கொடுத்தவர் யார் என்பதுதான் அதன் மதிப்பு. போகார்டுக்கும் அழகாக ஒன்று கொடுத்தார்கள்.

வாங்கியதை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், மை வெளிறிவிடும். பிவிசி உறையும் வேண்டாம், நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

செயலாளர் கையெழுத்து என்றால் குப்பையா என்று அடுத்து கேட்பீர்கள். நடிகை ஜீன் ஹார்லோ 26 வயதில், 1937-இல் இறந்தார். ரசிகர்களுக்குப் போன அவருடைய படங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்திட்டது அவருடைய அம்மா. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மகள் பெயரை அந்த அம்மா எழுதிய படம் என்று தெரிந்தே, அதற்குரிய குறைந்த விலையில் வாங்கினேன். போகார்டைக் கழற்றிய ஆணியில் மாட்ட ஆசைதான். அந்தச் சுவரில் வெயில் படும் என்பதால் அலமாரியில் இருக்கிறது.