மெதுவாக ஓடும் நான் அணிக்குப் பாரமா?

கேள்வி: டோக்கியோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் அலுவலக அணி எக்கிடென் தொடரோட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. ஒருவர் விலகியதால் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கு 5 கிலோமீட்டர். மற்றவர்கள் 25 நிமிடத்தில் முடிப்பார்கள். எனக்கு 38 ஆகும். இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. எல்லாரையும் நான் பின்னுக்கு இழுத்துவிடுவேனோ என்று தூக்கமே வரவில்லை. மறுத்துவிடலாமா?

பதில்: மறுக்க வேண்டாம். ஆனால் அந்த 38 நிமிடத்தை நாளைக்கே அணித்தலைவரிடம் சொல்லிவிடுங்கள். மெதுவாக ஓடுகிறவரால் அணிக்குத் தொல்லை கிடையாது. 30 என்று சொல்லிவிட்டு 38-ல் வருகிறவரால்தான் தொல்லை. அடுத்து ஓட வேண்டியவர் குளிரங்கியைக் கழற்றிவிட்டு எட்டு நிமிடம் குளிரில் விறைத்து நிற்பார். போட்டியில் நேர வரம்பு உண்டா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்கிடென் என்ற பெயரே பழைய அஞ்சல் குதிரை நிலையங்களிலிருந்து வந்ததுதான். 1917-ல் நடந்த முதல் போட்டி கியோட்டோவில் தொடங்கி டோக்கியோவின் உவேனோவில் முடிந்தது. சுமார் 508 கிலோமீட்டரை 23 கட்டங்களாகப் பிரித்து, இரவு பகல் பாராமல் ஓடினார்கள். கையில் குச்சி இல்லை, தோளில் குறுக்காகப் போட்ட தாசுகி என்ற துணிப்பட்டைதான். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஓடுகிறவரின் வேலை.

ஜனவரி 2, 3 தேதிகளில் நடக்கும் ஹகோனே எக்கிடெனைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தேர்ந்த மாணவர்கள் பத்துக் கட்டமாக 217.1 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். அங்கேயும் பின்தங்குகிற அணி உண்டு. முதல் அணி போய், மாற்றுமிடத்தைப் பொறுத்து 10 முதல் 20 நிமிடம் ஆகிவிட்டால் அடுத்த வீரரை வேறொரு பட்டையோடு அனுப்பிவிடுவார்கள். சொந்தப் பட்டையோடு ஓடி வந்தவர், வாங்க ஆளில்லாமல் அங்கேயே உட்கார்ந்து அழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். அதன் பிறகும் அந்த அணி கடைசிக் கட்டம்வரை ஓடுகிறது.

இரண்டு மாதம் தாராளம். வாரம் மூன்று நாள், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். நடுவில் நடந்தாலும் தப்பில்லை. போட்டியன்று முதல் கிலோமீட்டரில் கவனம் தேவை. பட்டை கைக்கு வந்ததும் கால் தானாகப் பறக்கும், இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டும்.

உங்கள் கைக்கு வரும்போது பட்டை முன்னவரின் வியர்வையில் நனைந்து கனமாக இருக்கும். ஓடிக்கொண்டே தலை வழியாக மாட்டி, தொங்கும் நுனியைக் கால்சட்டை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். மாற்றுமிடம் கண்ணில் பட்டதும் கழற்றி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நீட்டுங்கள். இதை மட்டும் அணியினரோடு ஒருநாள் மாலை ஒத்திகை பாருங்கள். முதல் தடவை எல்லாருக்கும் சிக்கிக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முழங்காலிலோ கணுக்காலிலோ சுரீரென்று வலித்தால் நின்றுவிடுங்கள். அணிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டாம். 1996 ஹகோனேயில் கனகாவா பல்கலைக்கழக வீரர் நான்காவது கட்டத்தில் காலில் அடிபட்டு நின்றார். அணியே போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. அதே பல்கலைக்கழகம் 1997-ல் முதல் முறையாக ஹகோனேயை வென்றது, 1998-லும் வென்றது.