வாசகர் கேள்வி – பதில்: பொழுது பட்டதும் அவிழ்த்து விடப்படும் நாய்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டார் தங்கள் நாயைப் பகலில் கட்டிவைத்துப் பொழுது பட்டதும் தெருவில் அவிழ்த்து விடுகிறார்கள். போன கிழமை ரியூசன் முடிந்து வந்த என் மகனின் கெண்டைக்காலில் அது கடித்துவிட்டது. கேட்கப் போனால், "ஊசி போட்ட நாய்தானே, பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார்கள். சட்டப்படி நான் என்ன செய்யலாம்?
– வாசகி, உவர்மலை

பதில்: சட்டத்துக்கு முன்னர் மகனின் உடல்நிலையைப் பேசிவிடுகிறேன். நீங்கள் இன்னும் வைத்தியசாலைக்குப் போகவில்லையென்றால், ஒரு கிழமை கடந்துவிட்டதே என்று தயங்காமல் இன்றே அழைத்துச் செல்லுங்கள். விசர்நாய்க் கடியால் வரும் நீர்வெறுப்பு நோயின் (ரேபிஸ்) வைரசு கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெதுவாகச் செல்வது. அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், தடுப்பூசிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அறிகுறி தோன்றிய பின்னரோ ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் இந்த ஊசி இலவசமாகவே போடப்படுகிறது. கடிபட்ட உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதை மற்ற வாசகர்களும் மனத்தில் இருத்த வேண்டும். கோப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வரும் பிள்ளைகளை இன்றும் காண்கிறோம். அது பெரும் தீங்கு.

"ஊசி போட்ட நாய்" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கித் திகதியைப் பாருங்கள். ஆண்டுதோறும் போடாத ஊசியை நம்ப முடியாது. நாயை 14 நாட்கள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். அதற்குள் அது செத்தாலோ சுகவீனமுற்றாலோ, புதைத்துவிடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினால் நோய் இருந்ததா என்று உறுதியாகத் தெரிந்துவிடும்.

இனிச் சட்டம். நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலிருந்தும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தும் நம் நாட்டில் இருக்கின்றன. நாய் வளர்ப்பவர் தம் உள்ளூராட்சி சபையில் அதை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என்று பின்னைய சட்டம் சொல்கிறது. இவற்றுக்கு அப்பால், தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவரைத் தண்டிக்கும் பிரிவு தண்டனைச் சட்டக்கோவையிலேயே உண்டு. ஆகவே பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்கி வையுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வைத்தியசாலை அட்டை, காயத்தின் படம், அந்த நாய் இரவில் அவிழ்த்து விடப்படுவதைக் கண்ட அயலவரின் வாக்குமூலம் ஆகியவை கையில் இருந்தால், கவனயீனத்தைக் காட்டி நட்டஈடு கேட்க முடியும். ஒரே ஒழுங்கையில் நாளையும் முகம் பார்க்க வேண்டியவர்கள் என்பதால், நீதிமன்றத்துக்கு முன்னர் மத்தியஸ்த சபையை நாடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: கடற்கரையில் மீன் விற்கும் இடங்களில் கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக நிற்கின்றன. முன்னைப் போல் சபை பிடித்துக் கொல்லாதது ஏன்? நஞ்சு வைத்துவிடலாம் என்றும் சிலர் பேசுகிறார்கள்.
– வாசகர், உப்புவெளி

பதில்: தெருநாய்களைக் கொல்வதில்லை என்று 2006இல் அரசாங்கம் முடிவெடுத்தது, அதன் பின்னர் கருத்தடையும் தடுப்பூசியுமே வழி. இதில் இரக்கம் மட்டுமன்றிக் கணக்கும் இருக்கிறது. ஓர் இடத்து நாய்களைக் கொன்றால், உணவு அங்கேயே கிடப்பதால் ஊசி போடாத புதிய நாய்கள் வந்து சேர்கின்றன. நாய்களில் 70 வீதமானவற்றுக்கு ஊசி போட்டுவிட்டாலோ நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். 1973இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருப்பதற்கு நாய்த் தடுப்பூசி பெரும் காரணம்.

நஞ்சு வைப்பது 1907ஆம் ஆண்டின் விலங்குக் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். அச்சட்டம் விதிக்கும் தண்டப்பணம் 100 ரூபாதான் என்பது வருந்தத்தக்கது. சட்டம் ஒருபுறமிருக்க, நம் திருகோணமலைப் பட்டினத்தில் மான்கள் தெருவில் மேய்கின்றன, பிள்ளைகள் மண்ணில் விளையாடுகின்றன. வைத்த நஞ்சு நாயை மட்டும் தேடிப் போகாது.

மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு விடியற்காலை நான் கண்டதைச் சொல்கிறேன். வாய் கட்டிய சீமெந்துப் பை ஒன்று அசைந்தது. அவிழ்த்தபோது உள்ளே கண் திறக்காத ஐந்து குட்டிகள்; ஐந்தும் பெட்டை. யாரோ ஒருவர் வீட்டில் பிறந்து, ஆண் குட்டிகள் மட்டும் தெரிந்தெடுக்கப்பட்ட பின் மிஞ்சியவை அவை. நாம் கட்டாக்காலி என்று ஏசும் கூட்டத்தின் பெரும் பங்கு இப்படித்தான் வீடுகளிலிருந்து வருகிறது. எனவே சபையிடம் நீங்கள் கேட்க வேண்டியவை மீன் கழிவை அன்றன்றே அகற்றுவதும், கால்நடை வைத்திய அதிகாரியுடன் சேர்ந்து பெட்டை நாய்களுக்குக் கருத்தடை முகாம் நடத்துவதுமே.

கேள்வி: என் படலைக்கு வரும் நாய் ஒன்றுக்குத் தினமும் சோறு வைக்கிறேன். அதற்கு நான்தான் சொந்தக்காரி என்று அயலவர் சண்டைக்கு வருகிறார். அப்படியா?
– வாசகி, நிலாவெளி

பதில்: நாள் தவறாமல் சோறு வைத்து, அதுவும் உங்கள் படலையைவிட்டு அகலாமல் கிடந்தால், என்னைப் பொறுத்தவரை அது உங்கள் நாய்தான். சோற்றை நிறுத்த வேண்டாம். தெருவில் வைக்காமல் வளவுக்குள் வையுங்கள், ஊசி போட்டு உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், பெட்டையென்றால் கருத்தடையும் செய்வியுங்கள். பிறகு அந்தத் தடுப்பூசி அட்டையை அயலவரிடம் காட்டுங்கள்.