மூன்று கட்டாக்களுக்குப் பத்து ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

மகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். இப்போது எனக்கு வயது 41. மகள் கறுப்புப் பட்டை பெற்றுவிட்டாள். நான் அதற்கு முந்தைய பழுப்புப் பட்டையிலேயே நிற்கிறேன். ஓராண்டாக மாஸ்டர் டெக்கி ஷோடான் என்ற ஒரே கட்டாவைத்தான் (தனியே செய்யும் வரிசையான அசைவுத் தொகுப்பு) செய்யச் சொல்கிறார். பக்கவாட்டில் மட்டுமே நகரும் அந்தக் கட்டா உண்மையான சண்டையில் எதற்குப் பயன்படும்? இத்தனை ஆண்டுப் பயிற்சியில் உங்களுக்குக் கிடைத்தது என்ன?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாஸ்டர் ஓராண்டாக உங்களை டெக்கி ஷோடானில் நிறுத்தி வைத்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். ஷோட்டோகான் என்ற கராத்தே மரபின் முன்னோடியான கிச்சின் ஃபுனாகோஷி, ஜப்பானின் ஒகினாவாத் தீவில் தம் ஆசிரியர் அன்கோ இதோசுவிடம் டெக்கி வரிசையின் மூன்று கட்டாக்களை மட்டும் பயிலப் பத்து ஆண்டுகள் செலவிட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். 1922இல் டோக்கியோவில் இக்கலையை அவர் செய்துகாட்டியபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

அவர் கற்ற காலத்தில் ஒகினாவாவில் பட்டைகளே இல்லை. ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோவின் தரமுறையைப் பின்பற்றி ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்கு முதல் கறுப்புப் பட்டைகளை வழங்கியது 1924இல்தான். இன்று சில மாதங்களுக்கு ஒருமுறை தேர்வு வைத்துப் பட்டையின் நிறத்தை மாற்றும் வகுப்புகள் பெருகிவிட்டன. அங்கே மாணவர் கட்டாவின் வரிசையை மனப்பாடம் செய்து, அதற்குள் நுழையும் முன்பே அடுத்ததற்குப் போய்விடுகிறார் என்பது எனக்கு உண்மையான வருத்தம். மகளோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். பதின்பருவத்து உடல் ஓர் அசைவைப் பார்த்த உடனே பற்றிக்கொள்ளும். நாற்பதைக் கடந்த உடலுக்குக் காரணம் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கிடைத்ததையும் இந்தக் கட்டாவை வைத்தே சொல்கிறேன். தொடக்க ஆண்டுகளில் கிபா தாச்சி, அதாவது கால்களை அகல விரித்து முழங்காலை மடக்கி நிற்கும் நிலை, எனக்குத் தொடையெரிச்சலாக மட்டுமே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, இடுப்பை அசையாமல் நிறுத்தி மேலுடலை மட்டும் திருப்பும்போது, முழங்கை அடியின் விசை தோளில் பிறக்காமல் பாதத்திலிருந்தும் அடிவயிற்றிலிருந்தும் வருவது தெரியத் தொடங்கியது. இக்கட்டாவின் மிகக் கடினமான பகுதி, பாதத்தை உட்புறமாக மேலே வீசி அதே இடத்தில் மீண்டும் ஊன்றும் நாமி கயேஷிதான் என்பது என் எண்ணம். அந்த ஒரு நொடியில் தலை உயராமலும் உடல் மறுபக்கம் சாயாமலும் இருப்பதற்கு, எடையை எப்போதும் இரு கால்களிலும் சமமாகத் தாங்கிப் பழகியிருக்க வேண்டும். அது கைகூடியபோது என் மற்றக் கட்டாக்கள் அனைத்தும் தாமாகவே திருந்தின. புதிதாக எதையும் கற்காமலே கற்றதெல்லாம் மாறுகிற அந்த அனுபவத்துக்காகவே இன்றும் பயிற்சிக்குப் போகிறேன்.

சண்டைக்கு வருவோம். பக்கவாட்டு நகர்வை, எதிரி பக்கத்தில் நிற்கிறார் என்று மட்டும் பொருள்கொள்ள வேண்டியதில்லை. விரித்த கையை வெளியே செலுத்திய பின் மறு முழங்கையால் அந்த உள்ளங்கையிலேயே அடிக்கிறோம் அல்லவா? பிடித்திழுத்த ஒருவரின் தலை அந்தக் கையில் இருப்பதாக எண்ணிச் செய்து பாருங்கள். மிக நெருங்கிய தொலைவில் நிகழும் கைகலப்புக்கான பயிற்சியாக அது விளங்கும். ஆயினும் கட்டா மட்டும் யாரையும் காப்பாற்றாது. எதிரே நிற்பவர் எப்போது, எங்கே தாக்குவார் என்று தெரியாத நிலையில் தொலைவைக் கணிக்கவும், அச்சத்துக்கு நடுவிலும் மூச்சை ஒழுங்குபடுத்தவும் குமித்தே எனும் இருவர் மோதும் பயிற்சியில்தான் பழக முடியும் என்பதால், அதற்கும் நேரம் ஒதுக்குமாறு மாஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் வயதில் முழங்கால்களைக் கவனித்துக்கொள்வது முக்கியம். கிபா தாச்சியில் அவை உட்புறமாகச் சரிய விடாதீர்கள். வலித்தால் நிலையைச் சற்று உயர்த்திக்கொண்டு செய்யுங்கள், அப்போதும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே வகுப்புக்குச் செல்லுங்கள்.

அன்புடன்