குண்டுப் பூனையைப் பட்டினி போடலாமா?

கேள்வி: கருத்தடை செய்த எங்கள் ஆண் பூனை 7.5 கிலோ இருக்கிறான். பால்சோறும், எந்நேரமும் கிண்ணம் நிறைய ட்ரை ஃபுட்டும்தான் சாப்பாடு. இரண்டு நாள் பட்டினி போட்டால் இளைப்பானா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பட்டினி மட்டும் வேண்டாம்மா. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவையோ குறையும், அதனால் அந்த எந்நேரக் கிண்ணத்தை முதலில் எடுங்கள். பூனை சுத்த அசைவம், சோறு, பால், களி எதுவும் அதற்குத் தேவையில்லை (களி நமக்குத்தான்!). ட்ரை ஃபுட்டில் ஈரம் சுமார் 10 சதவீதம்தான், பவுச்சில் வரும் ஈர உணவிலோ முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், வயிறு நிறையும், கலோரி குறையும். கட்டுப்படியாகாதென்றால் சரி, ட்ரை ஃபுட்டையே தராசில் கிராம் கணக்காக நிறுத்து மூன்று வேளையாக வையுங்கள், டம்ளர் அளவை நம்பாதீர்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியோ முள் எடுத்த டேம் மீனோ கொஞ்சம் தரலாம், அதையே முழுச் சாப்பாடாக்கினால் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் கால்சியமும் போதாது. வாரத்துக்கு 1 சதவீதம், அதாவது 75 கிராம் குறைந்தாலே நல்ல வேகம். அப்புறம், புது உணவை ஒரு வாரம் பழையதோடு கலந்து பழக்குங்கள்; ஒரு நாள் முழுக்கத் தொடவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.